கொம்பில் அடைத்த சாணியும் குத்தகைக் கழனியும்

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து கைவிரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. என்ன ஆச்சு பெரிம்மா என்று கேட்டேன்.

"கொம்புல சாணி அடைக்கிற வேல. மூணு நாளா."

எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்காரர் ஒருவர் பதினைந்து ஏக்கரில் பண்ணை வைத்திருக்கிறார். அங்கே காலனிப் பெண்கள் ஆறு பேரை உட்கார வைத்து, நூற்றுக்கணக்கான மாட்டுக் கொம்புகளில் பசுஞ்சாணியைத் திணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு குழி வெட்டி, கொம்புகளை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடினார்களாம். வெயில் காலம் தொடங்கும்போது தோண்டி எடுப்பார்களாம். மூன்றாம் நாள் பட்டணத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கொம்பை அடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, கை கழுவிப் போயிருக்கிறார்கள்.

"நாம வாரிப் போட்டா அது குப்ப. அவங்க கொம்புல போட்டா மருந்து. இன்னாத்த சொல்ல" என்று சிரித்தார் பெரியம்மா. வழக்கமான நாள் கூலிதான் கொடுத்தார்கள். சாணி வேலைக்கென்று கூட எதுவும் இல்லை.

இதற்குப் பெயர் பயோடைனமிக் விவசாயம். தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்று எழுதுகிறார்கள். இயற்கை விவசாயம் பற்றிப் பேசும் நண்பர்கள் சிலர், இதுதான் நிலைத்து நிற்கக்கூடிய விவசாயம், லாபமும் வரும், தலித் விவசாயிகளும் இதற்கு மாற வேண்டும் என்று என்னிடம் பல மாதங்களாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கான பதில் இது. கிண்டல் செய்வதற்காக எழுதவில்லை. விஷம் இல்லாத விவசாயம் யாருக்கு முதலில் வேண்டும் என்றால் எங்களுக்குத்தான் வேண்டும். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பவன் எங்கள் ஆள். 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காட்டில் மருந்து அடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதில் கூலிக்கு அடிக்கப் போனவர்களும் இருந்தார்கள். மருந்து அடித்துவிட்டு வந்த இரவு சோறு எடுக்கும்போது என் சித்தப்பாவின் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே யூரியாவுக்கும் பூச்சிமருந்துக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான். இது யாருக்குக் கட்டுப்படியாகும்?

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நம் முன்னோர் செய்தது, ரிஷிகள் சொன்னது என்று பயிற்சி முகாம்களில் கதை விடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆஸ்திரியரான ருடால்ப் ஸ்டெய்னர் 1924 ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்ற ஊரில் எட்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். இன்று அது போலந்தில் இருக்கிறது. சொற்பொழிவு நடந்த இடம் ஒரு பிரபுவின் மாளிகை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பெரிய மிராசுதார் வீடு. ஸ்டெய்னர் விவசாயி அல்ல, ஆன்மிகத் தத்துவக்காரர். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். ரசாயன உரம் போட்டு மண் செத்துக்கொண்டிருக்கிறது என்ற பண்ணையார்களின் கவலைக்கு அவர் சொன்ன வைத்தியம்தான் கொம்புச் சாணம், கொம்பில் அடைத்த படிகக்கல் தூள், மானின் மூத்திரப்பையில் கட்டிய பூ, மாட்டுக் குடலில் திணித்த சீமைச்சாமந்திப்பூ, விலங்கின் மண்டையோட்டில் போட்ட ஓக் மரப்பட்டை ஆகியவை. கொம்புச் சாணத்துக்கு 500, படிகத் தூளுக்கு 501 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏக்கருக்கு 25 கிராம் கொம்புச் சாணத்தைப் பதின்மூன்று லிட்டர் சொச்சம் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கித் தெளிக்க வேண்டும். வலப்பக்கம் சுழி விழக் கலக்கி, உடைத்து, பிறகு இடப்பக்கம். விதைப்பதற்கும் நடுவதற்கும் நிலா எந்த ராசியில் நிற்கிறது என்று பார்க்க ஒரு நாட்காட்டி உண்டு. நம்மிடம் ஏற்கெனவே பஞ்சாங்கம் இருக்கிறது, ஜெர்மன் பஞ்சாங்கம் ஒன்று குறைச்சலாக இருந்தது போலிருக்கிறது.

1928ல் டிமீட்டர் என்ற வணிக முத்திரை வந்தது. இன்றும் உலகம் முழுக்க பயோடைனமிக் விளைபொருளுக்கு அதுதான் சான்று. இந்தியாவில் இது 1990களில் பரவியது. நியூசிலாந்திலிருந்து வந்த பீட்டர் புரோக்டர் ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தார். தேயிலை, காபி, பருத்தி என்று ஏற்றுமதிப் பயிர்களில்தான் இது அதிகம் கால் ஊன்றியது. காரணம் எளிது. அந்த முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள், செங்கம் சந்தையில் இல்லை.

இப்போது கொம்புக்கு வருகிறேன்.

கன்று போட்ட பசுவின் கொம்புதான் வேண்டும் என்பது விதி. காளைக் கொம்பு ஆகாது. மாட்டுக்குக் கொம்பைத் தீய்ப்பதையும் டிமீட்டர் ஒத்துக்கொள்வதில்லை. சரி, உயிரோடு இருக்கும் பசு தன் கொம்பைக் கழற்றிக் கொடுக்குமா? செத்த மாட்டிலிருந்து அல்லது அறுத்த மாட்டிலிருந்துதான் கொம்பு வரும். குடலும் அப்படித்தான். அதை வெட்டி எடுப்பவர் யார்? பயிற்சி முகாமில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டதுண்டா? கோமாதா படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கும் முகாமில், மேசை மேல் கொம்புகள் மட்டும் சுத்தமாகக் கழுவி வரிசையாக இருக்கின்றன. கொம்புக்கும் மாட்டுக்கும் இடையில் இருந்த மனிதர் எங்கோ மறைந்துவிட்டார்.

அவரை நமக்குத் தெரியும். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா பக்கத்தில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக அவரைத்தான் அடித்தார்கள். இளைஞர்களின் சட்டையைக் கழற்றி, காரில் கட்டி, ஊர் நடுவில் வைத்து அடித்து, அதைப் படம் பிடித்தும் பரப்பினார்கள். அதற்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலகங்களின் முன்னால் போட்டார்கள். இனி நாங்கள் தூக்கமாட்டோம், உங்கள் மாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். குடும்பத்துக்கு 5 ஏக்கர் என்பது அந்தப் போராட்டத்தின் கோரிக்கை. மாட்டையும் நிலத்தையும் இதைவிடத் தெளிவாக யாரும் ஒரே மூச்சில் பேசியதில்லை. மாட்டை மையமாக வைத்து விவசாயத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்பவர்களிடம் அந்தக் கோரிக்கையைப் பற்றி ஒரு சொல் கூட நான் கேட்டதில்லை.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இது முழுக்கப் புரட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் 1978லிருந்து ஒரு வயல் சோதனை நடக்கிறது. பயோடைனமிக், சாதாரண இயற்கை விவசாயம், ரசாயன விவசாயம் ஆகியவற்றைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வைத்துப் பார்க்கிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002ல் வந்தன. ரசாயனம் இல்லாத பாத்திகளில் மகசூல் சராசரி 20 சதவீதம் குறைவு. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகத்தான் செலவானது. மண்ணில் உயிர்கள் அதிகம். நியூசிலாந்தில் 16 பண்ணைகளை ஆராய்ந்த 1993ஆம் ஆண்டுக் கட்டுரையும் பயோடைனமிக் பண்ணைகளின் மண் நன்றாக இருக்கிறது, வருமானமும் மற்றவர்களுக்குச் சமமாக வருகிறது என்றது.

ஆனால் அந்த நன்மை கொம்பால் வந்ததா, எருவால் வந்ததா? பயோடைனமிக் தயாரிப்புகள் கலந்த மக்கு உரத்தையும் கலக்காத மக்கு உரத்தையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2000ல் வெளிவந்தது. மண்ணின் உயிர்களில் வித்தியாசம் எதையும் அது காணவில்லை. எரு போட்ட மண் எருப் போடாத மண்ணைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான். எரு போட்டால் மண் கொழிக்கும் என்பதைப் பெரியம்மாவிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அவருடைய அம்மாவும் மாமியாரும் ஊர்க்காரர் கழனிகளுக்குக் கூடை கூடையாகச் சுமந்தது அதைத்தான்.

கொம்பை விட்டுவிடுவோம். எருவும் பயிர்ச் சுழற்சியும் மட்டும் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகுமா? இந்தியாவிலேயே இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் மண்ணில் 2007ல் தொடங்கிய சோதனை. பருத்தி, சோயா, கோதுமை. பயோடைனமிக், இயற்கை, ரசாயனம், பிடி பருத்தியோடு ரசாயனம் என நான்கு முறைகள். முதல் இரண்டு ஆண்டுகளில் ரசாயனம் இல்லாத பக்கம் பருத்தி 29 சதவீதம் குறைந்தது, கோதுமை 27 சதவீதம் குறைந்தது. செலவைக் கழித்த பின்பும் ரசாயனப் பக்கத்தின் லாபம் 29 சதவீதம் அதிகம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை திரும்பியது. ரசாயனப் பக்கம் மகசூல் இறங்கி இரண்டும் சமமாக நிற்க, செலவு குறைந்ததால் இயற்கைப் பக்கத்தின் லாபம் 25 சதவீதம் கூடியது.

நண்பர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். பாருங்கள், மூன்றாம் வருடம் லாபம் வருகிறது! வரட்டும். முதல் இரண்டு வருடம் யார் வீட்டில் அடுப்பு எரிவது?

சொந்த நிலம் உள்ளவருக்கு இது தாங்கக்கூடிய நட்டம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் குத்தகைக்கு உழுகிறவர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் சித்தப்பா ஒரு ஏக்கர் நெல் போடுகிறார், 25 மூட்டை காண்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை 10 மூட்டை. மிச்சம் 15. இயற்கைக்கு மாறிய முதல் வருடம் 25 மூட்டை 18 ஆகிறது. நிலக்காரர் குத்தகையைக் குறைப்பாரா? "நீ என்ன வேணா போடு, எனக்குப் பத்து மூட்டை வந்துடணும்" என்பார். 18ல் 10 போனால் 8. நிலத்தின் மகசூல் குறைந்தது 28 சதவீதம்தான். சித்தப்பாவின் பங்கு குறைந்தது 15லிருந்து 8க்கு, ஏறக்குறைய பாதி. அதே கழனி, அதே பயிர், அதே எரு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நட்டம் ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்கு அரைப் பங்கு. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏக்கர் இருக்கிறது, மூட்டை இருக்கிறது, குத்தகைக்கு ஒரு பத்தி இருப்பதில்லை.

யூரியாச் செலவு மிச்சம்தானே என்று கேட்பீர்கள். மிச்சம்தான். அதில் பாதி களை எடுக்கப் போய்விடும். களைக்கொல்லி இல்லையென்றால் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். குனிந்து நிற்கும் பெண்ணின் இடுப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. ஆள் வைத்தால் கூலி, வீட்டுப் பெண்கள் இறங்கினால் அதற்குக் கூலியே இல்லை.

அப்புறம் சான்றிதழ். ஏற்றுமதிக்கான தேசியத் தரத்தின்படி ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப் பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றக் காலம் ஓட வேண்டும். அதுவரை விளைந்ததைச் சாதாரண விலைக்குத்தான் விற்க வேண்டும். சித்தப்பாவின் குத்தகை ஒரு போகத்துக்கு ஒரு போகம், வாய்ப் பேச்சு. 1955லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969ல் குத்தகை உரிமைப் பதிவேடுச் சட்டமும் வந்தது. பதிவு செய்யக் கேட்டுப் பாருங்கள், அடுத்த வருடம் கழனி வேறொருவருக்குப் போய்விடும். மத்திய அரசின் பாரம்பரிய விவசாயத் திட்டத்தில் 20 ஹெக்டேர் தொகுப்பு சேர்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை என்று 2015லிருந்து சொல்கிறார்கள். விண்ணப்பத்தோடு பட்டா, சிட்டா வேண்டும். வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான், உழுபவருக்கு இல்லை. 2023ல் தமிழ்நாடு அரசு உயிர்ம வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அதை நான் வரவேற்கிறேன். அந்த உயிரில் குத்தகைக்காரனின் உயிரும் அடக்கமா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் கீழே. விவசாயத்தில் வேலை செய்யும் பட்டியல் சாதியினரில் பத்தில் ஏழு பேர் கூலிகள் என்கிறது 2011 கணக்கெடுப்பு. இந்த எண்களைத் தாண்டி எந்த விவசாய முறையின் லாப நட்டத்தையும் என்னால் பேச முடியாது.

நிலம் இல்லாதவனுக்கு மாடாவது இருக்கட்டுமே, மாடு இருந்தால் எரு வருமே என்பது அடுத்த யோசனை. ஒரு நாட்டு மாடு போதும், 30 ஏக்கர் செய்யலாம் என்று சுபாஷ் பாலேக்கர் சொல்லிவந்தார். 30 ஏக்கர் வைத்திருக்கும் தலித்தை எனக்குக் காட்டினால் மாட்டை நானே வாங்கித் தருகிறேன். அது இருக்கட்டும். மாடு எதைத் தின்னும்? எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு இன்று யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலனிப் பெண்கள் புல் அறுப்பது ஊர்க்காரர் கழனி வரப்பில். திருவிழாவில் தகராறு, ஒரு காதல் கல்யாணம், தேர்தலில் ஓட்டு மாறிப் போட்டது, எது நடந்தாலும் முதலில் வரும் தண்டனை "எங்க கழனியில கால வெக்கக் கூடாது" என்பதுதான். அன்றைக்கே மாட்டுக்குப் புல் நின்றுவிடும். ஒரு வாரத்தில் மாட்டை விற்றுவிடுவார்கள். மாட்டை அடிப்படையாகக் கொண்ட விவசாயம் என்கிறீர்கள். அந்த மாட்டின் வாய் ஊர்க்கட்டுப்பாட்டில் கட்டப்பட்டிருக்கிறது.

நல்ல விலை கிடைத்தால் கூலிக்காரர்களுக்கும் வந்து சேராதா? இதற்கு டார்ஜிலிங்கைப் பார்க்கலாம். அங்கே மகாய்பாரி என்ற தேயிலைத் தோட்டம் இந்தியாவில் பயோடைனமிக்கின் முகம் போன்றது. 2014ல் அதன் தேயிலை ஒன்று கிலோ 1,850 டாலருக்கு விற்று உலகச் செய்தியானது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தத் தோட்டத்தின் எல்லாத் தேயிலைக்கும் இந்த விலை கிடைக்கவில்லை, பௌர்ணமி இரவில் பறித்த கொஞ்சம் தேயிலைக்குத்தான். இருந்தாலும் அந்தச் செய்தி வந்தபோது டார்ஜிலிங் மலைத் தோட்டங்களில் தினக்கூலி 90 ரூபாய். அடுத்து வந்த ஒப்பந்தம் படிப்படியாக 132 ரூபாய் 50 காசு வரை உயர்த்தியது. ஒரு கிலோவின் விலையை 90 ரூபாயால் வகுத்துப் பாருங்கள். லீவே போடாமல் மூன்று வருடம் உழைத்தாலும் எட்டாது.

இதை அந்த ஒரு தோட்டத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. அங்கே தொழிலாளர் வீடுகளில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் திட்டம் எல்லாம் உண்டு, சில குடும்பங்களுக்கு அதனால் வருமானமும் வந்தது. நான் சொல்வது வேறு. தோட்டக் கூலியை அரசும் முதலாளிகளும் சங்கங்களும் உட்கார்ந்து மொத்தமாக முடிவு செய்கிறார்கள். மண்ணில் யூரியா போட்டால் ஒரு கூலி, கொம்புச் சாணம் தெளித்தால் ஒரு கூலி என்று கிடையாது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து செத்த தொழிலாளிக்குத் தான் குடியிருக்கும் வீட்டின் மனைக்கு அன்று பட்டா இல்லை. டிமீட்டர் முத்திரை மண்ணுக்குக் கிடைத்தது. அதில் விளைந்த கூடுதல் விலைக்கும் கூடைக்காரிக்கும் நடுவில் பாதை எதுவும் போடப்படவில்லை. போடாமல் தானாக வராது.

மண்ணை நேசிப்பவர்கள் மனிதரையும் நேசிப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய டாஹாவ் வதைமுகாமுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். படை ஒரு பெரிய மூலிகைப் பண்ணை நடத்தியது. பயோடைனமிக் முறையில்தான். பிரான்ஸ் லிப்பர்ட் என்ற பயோடைனமிக் தோட்டக்கலைஞர் அங்கே வேலை பார்த்தார். மண் வெட்டியவர்கள் கைதிகள். பட்டினியிலும் அடியிலும் அங்கே பலர் செத்தார்கள். இதே நாஜி அரசு 1941ல் பயோடைனமிக் சங்கத்தைத் தடை செய்தது என்பதும் உண்மைதான், அது வேறு கதை. பயோடைனமிக் செய்பவர்கள் எல்லாம் நாஜிகள் என்று யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் அது முட்டாள்தனம். அந்தப் பண்ணையின் மண் மட்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"எல்லாவற்றிலும் சாதியை இழுக்கிறாய், மண்ணுக்குச் சாதி உண்டா?" என்று ஒரு தோழர் கேட்டார். மண்ணுக்கு இல்லை தோழர், பட்டாவுக்கு உண்டு. அம்பேத்கர் 1918லேயே இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் சின்னதாக இருப்பது மட்டும் நோய் இல்லை, போடுவதற்கு முதலும் கருவியும் இல்லாததும், வேறு வேலைக்கு வழியில்லாமல் எல்லோரும் நிலத்தையே பிடித்துத் தொங்குவதும்தான் நோய் என்பது அவர் வாதம். 1947ல் அவர் முன்வைத்த திட்டத்தில் நிலம் அரசுடைமை. ஊர் மக்கள் சாதி வித்தியாசம் இல்லாமல் கூட்டுப் பண்ணையாக உழ வேண்டும், நிலக்கிழார் என்றோ குத்தகைக்காரன் என்றோ நிலமற்ற கூலி என்றோ யாரும் இருக்கக் கூடாது. இன்றைய பசுமை நண்பர்கள் குமரப்பாவைப் படிக்கிறார்கள், காந்தியைப் படிக்கிறார்கள், ஸ்டெய்னரைக்கூடப் படிக்கிறார்கள். இந்த இரண்டையும் படித்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்படியானால் எங்கள் ஆட்கள் ரசாயனம் இல்லாமல் விவசாயம் செய்ய முடியாதா? செய்து காட்டியிருக்கிறார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் 1983லிருந்து இயங்கும் தக்காண வளர்ச்சிக் கழகத்தைப் பாருங்கள். அதன் சங்கங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த கல்லும் கரம்பும், தரிசாய்க் கிடந்ததைச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தது, இவைதான் அவர்கள் நிலம். கொம்பு இல்லை, ராசி பார்க்கும் நாட்காட்டி இல்லை. சோளம், தினை, சாமை, துவரை என்று ஒரே கழனியில் பத்துப் பதினைந்து பயிர். விதை அவர்கள் வீட்டுக் குதிரிலேயே இருக்கிறது. விளைந்ததில் ஊர்த் தானிய நிதி ஒன்று சேர்த்து, ரேஷனுக்குப் பதில் தங்கள் தானியத்தையே ஏழை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். 2019ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே பெண்கள் முதலில் கேட்டது நிலம். எப்படி உழுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. விளைந்ததை ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை, முதலில் தாங்கள் தின்றார்கள்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க இடம் தேட வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதைக் கேட்டுத்தான் 1994ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். உயிர்ம வேளாண்மைக்குத் தொகுப்பு வேண்டும் என்று தேடும் அதிகாரிகள் அந்தப் பதிவேடுகளைத் திறக்கட்டும். மீட்ட நிலத்தைப் பெண்கள் பெயரில் கூட்டாகக் கொடுக்கட்டும். அது நடக்கும்வரை குத்தகைக்காரருக்கு ஐந்து ஆண்டுக்கு எழுத்தில் குத்தகை, மாற்றக் காலத்தில் விழும் மூட்டைகளுக்கு அவர் கையிலேயே ஈடு, சான்றிதழ் உழுபவர் பெயரில். மேய்ச்சல் புறம்போக்கில் உள்ள வேலியைப் பிடுங்க வேண்டும். பண்ணை வைத்து நல்ல விலைக்கு விற்பவர்கள் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கைக் கூலியில் சேர்க்க வேண்டும். சாணி அடைப்பதும் குழி வெட்டுவதும் பயிற்சிக்கு வந்தவர்களின் வேலையாகவும் இருக்க வேண்டும், மூன்று நாளும், போட்டோ எடுக்கும் நேரம் மட்டுமில்லாமல்.

இதையெல்லாம் கேட்டால் நண்பர்கள் "அது அரசியல், நாங்கள் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்" என்கிறார்கள்.

சித்தப்பா கதையை முடித்துவிடுகிறேன். அவர் உண்மையிலேயே மாறிப் பார்த்தவர். நான்தான் சொன்னேன், அந்தப் பழியும் என் மேல் உண்டு. மருந்து அடிக்கும் கை நடுக்கம் நிற்குமே என்ற ஆசையில் சொன்னேன். ஒரு ஏக்கர் குத்தகைக் கழனியில் யூரியாவை நிறுத்தி, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, எருக்குழி வெட்டி, இரண்டு வருடம் அடி வாங்கினார். முதல் வருடக் குத்தகை மூட்டையில் இரண்டை வெளியில் வாங்கித்தான் அளந்தார். சித்தி தோட்டை அடகு வைத்தார். மூன்றாம் வருடம் மண் கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது, மண்புழு கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்காரர் ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "மண்ணு நல்லா ஆயிருக்கேப்பா" என்றாராம். அந்தத் தை அறுப்பு முடிந்ததும், பையன் வந்துட்டான், இனி நாங்களே பயிர் வெச்சுக்கிறோம் என்று சொல்லிக் கழனியை வாங்கிக்கொண்டார்.

எருக்குழியில் இரண்டு வண்டிக் குப்பை மிச்சம் இருந்தது. அதை மட்டும் சித்தப்பா விடவில்லை. இரண்டு நாள் அலைந்து அள்ளி வந்து வீட்டுப் பின்னால் முருங்கைக்குப் போட்டிருக்கிறார்.